மறந்ததற்குச் சான்றிதழ்

லிஃப்ட் மெக்கானிக் மொழித் தேர்வில் தோற்றதற்குக் காரணம் அவருக்கு ஸ்பானிஷ் தெரியாதது அல்ல, தெரிந்ததுதான். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மெக்கானிக்கின் ஒரே மகள் கடல் கடந்து போய், ஸ்பானிஷ் பேசும் ஒருவரைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டவள். இப்போது ஆறு மாதம். தாயில்லாப் பெண். "பிரசவத்துக்கு நீங்க பக்கத்துல இருக்கணும்பா. வேற யாரு இருக்கா எனக்கு?" என்று அவள் கேட்ட மறுநாளே மெக்கானிக் கம்பெனியில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார். விசா கேட்கப் போன இடத்தில்தான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. அந்த நாட்டுக்கு உறவினராகப் போகிறவர்கள் அயல்மொழித் தகுதி வாரியத்தின் முதல்நிலைச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டுமாம்.

"ஸ்பானிஷ்தானே?" என்றார் மெக்கானிக். அந்தத் தைரியத்துக்குக் காரணம் மருமகன்.

மருமகன் தங்கமான மனிதர். ஆனால் கை மட்டும் களிமண். திருகாணியை எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்பது அவருக்கு முப்பத்து மூன்று வயது வரை தெரியாது. அவர் வீட்டில் இந்த வாரம் குழாய் ஒழுகினால் அடுத்த வாரம் கதவுப் பூட்டு மாட்டிக்கொள்ளும், அதற்கடுத்த வாரம் துணி துவைக்கும் இயந்திரம் நடு அறை வரை நடந்து வரும். இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் முகம் பார்த்தபடி மாமனார் சொல்வார், மருமகன் செய்வார். ஆரம்பத்தில் மகள் நடுவில் நின்று மொழிபெயர்த்தாள். ஒரு நாள், "மாமனும் மருமகனுமா நீங்களே பேசிக்கோங்க, எனக்கு வேற வேலை இல்லையா?" என்று போய்விட்டாள். அப்படித்தான் கற்றுக்கொண்டார். 'ஆப்ரெலோ' என்றால் அதைத் திற. 'அப்ரியெத்தாலோ' என்றால் அதை இறுக்கு. 'என்ஸேன்யாமெலோ' என்றால் அதை எனக்குக் காட்டு. செய்ய வேண்டிய வேலை, யாருக்கு, எதை, மூன்றும் ஒரே சொல்லாக ஒட்டிக்கொண்டு வரும். 'எடுத்துக்குடுத்துட்டுப்போ' என்று வாழ்நாளெல்லாம் ஒரே மூச்சில் பேசிய வாய்க்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்கவில்லை.

வாரியத்தின் கட்டிடம் ஆறு மாடி. வாசலில் 'ஒவ்வொரு சொல்லும் அதனதன் இடத்தில்' என்று பித்தளையில் பொறித்திருந்தது. லிஃப்ட் பழைய காலத்தது, இழுத்து மூடும் இரும்புக் கதவு. ஏறும்போது அது முனகிய முனகலைக் கேட்டு, சங்கிலிக்கு எண்ணெய் போட்டு நாலு வருடமாவது இருக்கும் என்று மெக்கானிக் மனதுக்குள் கணக்குப் போட்டார்.

தேர்வறையில் ஓர் அம்மாள் இருந்தார். மேசைமேல் ஒரு குடை, ஒரு கோப்பை, ஒரு சாவி. தேர்வாளர் அம்மாள் குடையைத் தூக்கிக் காட்டி, இது என்ன என்று ஸ்பானிஷில் கேட்டார். இது ஒரு குடை என்று பதில் சொன்னால் பத்து மதிப்பெண். ஆனால் அந்தக் குடை பாதி விரிந்தும் விரியாமலும் சிக்கிக் கொண்டிருந்தது. எத்தனை வருடமாக அப்படியே தூக்கிக் காட்டினார்களோ தெரியாது. சிக்கிய பொருளைப் பார்த்தால் மெக்கானிக்குக் கை அரிக்கும்.

"தாமெலோ" என்று கையை நீட்டினார். அதை எனக்குக் கொடுங்கள் என்று அர்த்தம். அம்மாள் திகைத்துப் போய்க் கொடுத்தார். மெக்கானிக் சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரால் அதன் ஸ்பிரிங்கை நெம்பி, தட்டி, திருப்பிக் கொடுத்து, "ஆப்ரெலோ" என்றார்.

குடை அழகாக விரிந்தது. அம்மாள் குடையைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் புகுந்த திருடனைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தார்.

"இதை உங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தது?"

"குடை ரிப்பேரா? அது என்னம்மா பெரிய வித்தை?"

"குடை இல்ல. ஒட்டறது. சொல்லோட சொல்லை ஒட்டறது."

ஒரு வாரத்தில் முடிவு தபாலில் வந்தது. 'விண்ணப்பதாரர் மூன்றாம் நிலைக்குரிய ஒட்டினை முதல் நிலையில் இருமுறை பிரயோகித்துள்ளார். குடையை அடையாளம் காணத் தவறியுள்ளார். தோல்வி. மேல் விவரங்களுக்கு ஒட்டுப் பிரிவை அணுகவும்.'

அணுகினார். ஐந்தாம் மாடியில் ஒட்டு அதிகாரி வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். மேசையில் ஒரு தூசி இல்லை, ஒரு தாளும் இல்லை. மெக்கானிக் நடந்ததைச் சொல்லி, "எனக்குத் தெரிஞ்சதைத்தானே சார் பேசினேன்? தெரிஞ்சா பாஸ்தானே போடணும்?" என்று கேட்டார்.

அதிகாரி பொறுமையாகச் சிரித்தார். "உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. நீங்க உழைப்பாளி. ஆனா ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். முதல் நிலையில வினை. அதுக்கு ஒரு பிரிவு, பதினேழு பேர். ரெண்டாம் நிலையில ஆளும் பொருளும். யாருக்குங்கறதுக்குப் பன்னெண்டு பேர், எதைங்கறதுக்கு ஒன்பது பேர். இதெல்லாம் முடிச்சவங்களை மூணாம் நிலையில நான் ஒட்டி வைப்பேன். நீங்க பாட்டுக்கு வீட்டுலயே உக்காந்து ஒட்டிட்டு வந்தா, இந்த முப்பத்தெட்டுப் பேரும் எங்க போவாங்க? அவங்களுக்கும் குடும்பம் இருக்குல்ல?"

"அப்ப நேரா மூணாம் நிலைப் பரீட்சை எழுதிடறேன் சார்."

"அதுக்கு முதல் நிலை பாஸ் ஆகியிருக்கணுமே."

"முதல் நிலையிலதான் மூணாம் நிலை தெரிஞ்சிருக்குன்னு ஃபெயில் போட்டுட்டீங்களே!"

"அதுதான் சிக்கல்" என்றார் அதிகாரி, ரொம்பத் திருப்தியாக. "ஆனா வாரியம் யாரையும் கைவிடாது. இதுக்குன்னே மறதி வகுப்பு இருக்கு. ஆறு வாரம். தெரிஞ்சதை முறையா மறந்து, மறந்ததுக்கு ஒரு சான்றிதழ் வாங்கிட்டீங்கன்னா, சுத்தமான ஆளா முதல் நிலை எழுதலாம்."

மெக்கானிக் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிரசவத்துக்குப் பத்து வாரம் இருந்தது. ஆறு வாரம் வகுப்பு, ஒரு வாரம் தேர்வு, இரண்டு வாரம் விசா. ஒரு வாரம் கையில் நிற்கும். ஆத்திரமாக வந்தது. மகளின் முகம் நினைவுக்கு வர, விழுங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மறதிக் காலத்தில் வீட்டிலும் தொலைபேசியிலும் ஒட்டுச் சொல் எதையும் பயன்படுத்த மாட்டேன் என்ற உறுதிமொழியும் அதில் சேர்த்தி.

மறதி வகுப்பில் ஒன்பது பேர். பக்கத்து இருக்கையில் ஒரு நர்ஸ். அந்த நாட்டு ஆஸ்பத்திரியிலேயே ஐந்து வருடம் வேலை பார்த்துவிட்டு, சான்றிதழைப் புதுப்பிக்க வந்தவர். வந்த இடத்தில் சரளமாகப் பேசிவிட்டார், பாவம்.

"நாக்கை நீட்டிக் காட்டுங்க, மாத்திரையை முழுங்கிடுங்கன்னு நாள் முழுக்க ஒட்டித்தான் பேசினேன்" என்று அவர் மெல்லச் சொன்னார். "இப்ப எல்லாத்தையும் மறக்கணுமாம். மறந்தாத்தான் திரும்ப வேலைக்குப் போக முடியுமாம்."

வகுப்பின் பயிற்சி எளிமையானது. அறையில் மூன்று மேசைகள். தண்ணீர் வேண்டுமென்றால் முதல் மேசை முன் நின்று 'கொடு' என்று சொல்ல வேண்டும். மணி அடிக்கும். இரண்டாவது மேசைக்கு நடந்து போய் 'எனக்கு'. மறுபடி மணி. மூன்றாவது மேசையில் 'அதை'. யாராவது மறதியாக, அதாவது மறக்காமல், ஒட்டிச் சொல்லிவிட்டால் முதல் மேசையிலிருந்து மறுபடி ஆரம்பம். இரண்டாம் வாரம் ஒருவருக்குப் புரையேறியது. கண்ணில் நீர் வழிய மூன்று மேசையையும் சுற்றி வந்து அவர் தண்ணீர் குடித்தபோது, வகுப்பு நடத்தியவர் கை தட்டச் சொன்னார்.

நான்காவது ஞாயிற்றுக்கிழமை மகளிடமிருந்து போன் வந்தது. திரையில் மருமகன் கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்று, "மாமா! மாமா!" என்று அலறினார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அதுதான். துவைக்கும் இயந்திரத்தின் பின்னால் குழாய் பிய்த்துக்கொண்டு பீய்ச்சியது. அதை மூடு என்று ஒரே சொல்லில் சொன்னால் முடிந்தது. சொல் நாக்கு நுனியில் நின்றது. உறுதிமொழித் தாள் கண்முன் வந்து நின்றது. வாரியம் தொலைபேசியை ஒட்டுக்கேட்கிறது என்று வகுப்பில் ஒரு பேச்சு வேறு.

"மூடு..." என்றார் ஸ்பானிஷில். மனதுக்குள் மணி அடிக்கக் காத்திருந்தார். "...அதை."

மருமகன் அந்த இடைவெளியில் சமையலறைக் கதவை மூடிவிட்டு வந்து நின்றார். லைன் சரியில்லை என்று நினைத்துப் போனை உயரத் தூக்கிப் பிடித்தார். பின்னால் வயிற்றைத் தாங்கியபடி மகள் வந்தாள்.

"அப்பா, என்ன ஆச்சு உங்களுக்கு? நல்லாத்தானே பேசுவீங்க? வாய் கோணிக்கிச்சா? டாக்டரைப் பாத்தீங்களா?"

"ஒண்ணுமில்லம்மா. உன்னைப் பாக்க வர்றதுக்குத்தான் இப்படிப் பேசறேன்."

அவள் தானே குனிய முடியாமல் குனிந்து குழாயை மூடினாள். அன்று மெக்கானிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எட்டு மாதக் கர்ப்பிணியைத் தண்ணீரில் குனிய வைத்துவிட்டோமே என்று தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

மறதித் தேர்வு நாளும் வந்தது. அன்றுதான் அந்த நாட்டிலிருந்து ஒரு விருந்தினரும் வருவதாக இருந்தது. வாரியத்துக்கு அங்கீகாரத்தை இன்னும் பத்து வருடம் நீட்டிக்கலாமா என்று பார்த்துப் போக வந்த பெரிய மனிதர். தலைவர் முதல் எல்லோரும் ஐந்தாம் மாடியில் வரிசையாக நின்றார்கள். லிஃப்ட் கிளம்பிய சத்தம் கேட்டது, முனகியது, நான்காம் மாடிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. உள்ளேயிருந்து "சாக்கென்மெ! சாக்கென்மெ!" என்று ஒரு கதறல்.

என்னை வெளியே எடுங்கள் என்று அவர் கத்துகிறார். நர்ஸுக்குப் புரிந்தது, மெக்கானிக்குப் புரிந்தது. வாரியத்தில் ஒருவருக்கும் புரியவில்லை.

"கேக்கறதுக்கு ஒட்டுச் சொல் மாதிரி இருக்கு" என்றார் ஒட்டு அதிகாரி. "ஆனா அதுல யாருக்குங்கறதும் வருது. அந்தப் பிரிவுக்குப் பொறுப்பானவர் இன்னிக்கு லீவு."

"நாளைக்குப் பதில் சொல்றோம்னு எழுதிக் குடுக்கலாமா?" என்றார் தலைவர்.

மெக்கானிக் நான்காம் மாடிக்கு இறங்கி ஓடி, வெளிக் கம்பிக் கதவு வழியாகக் குனிந்து பார்த்தார். விஷயம் சின்னதுதான். விருந்தினர் பயத்தில் உள்கதவை இழுத்துத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். உள்கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகராது. அதை விட்டுவிட்டு மூடினால் போதும். நிமிர்ந்து பார்த்தார். தேர்வாளர் அம்மாள் மதிப்பெண் தாளும் பேனாவுமாகப் பின்னாலேயே வந்து நின்றார்.

"உங்க தேர்வு ஆரம்பிச்சு ஆறு நிமிஷம் ஆச்சு. ஞாபகம் வெச்சுக்கோங்க" என்றார் அம்மாள்.

மெக்கானிக் மறுபடி கம்பிக் கதவுப் பக்கம் குனிந்தார். முறைப்படியே பேசிப் பார்த்தார். "மூடு..." என்றார். விருந்தினர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். முகம் சிவந்தது. 'அதை' வருவதற்குள் மூச்சு வாங்க ஆரம்பித்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் கதவை மட்டும் விடவில்லை.

அந்த மனிதருக்கும் அறுபது வயது இருக்கும். எங்கேயோ ஒரு மகள் அவருக்கும் இருப்பாள். போதும், நாசமாய்ப் போகட்டும் என்று மெக்கானிக் முடிவு செய்தார்.

"ஸுவெல்தாலா!" என்றார். அதை விடுங்கள். "சியெர்ராலா!" அதை மூடுங்கள். அப்புறம் சொற்கள் தாமாக வந்தன. பொத்தானை அழுத்துங்கள், பிடித்துக்கொள்ளுங்கள், இப்போது விடுங்கள், எனக்குச் சொல்லுங்கள், வந்துவிட்டது பாருங்கள். லிஃப்ட் முனகிக்கொண்டு ஏறியது. விருந்தினர் வெளியே வந்து மெக்கானிக்கின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். அவர் குலுக்கி முடிக்கும் வரை அம்மாள் சிவப்பு மையில் எழுதிக்கொண்டிருந்தார். மொத்தம் ஏழு ஒட்டு. மறதி பூஜ்யம்.

இரண்டு நாள் கழித்துத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். அறைக்குள் நுழைந்ததும் எழுந்து நின்று கை கொடுத்ததில், மெக்கானிக்குக் கொஞ்சம் நம்பிக்கை வரத்தான் செய்தது.

"விருந்தினரோட அறிக்கை வந்துடுச்சு" என்றார் தலைவர். "படிக்கறேன் கேளுங்க. 'இந்த வாரியத்தின் கடைநிலை மாணவர் கூட எங்கள் ஊர்க்காரரைப் போலப் பேசுகிறார். இப்படி ஒரு பயிற்சியை எங்கும் பார்த்ததில்லை.' பத்து வருஷம் கேட்டோம், இருபது வருஷம் குடுத்திருக்காரு!"

"சந்தோஷம் சார். அப்ப என் சான்றிதழ்?"

"நீங்க ஃபெயில். அதுல மாற்றம் இல்ல. அடுத்த மறதி வகுப்பு ஆறு மாசம் கழிச்சு."

"அவரே நல்லாப் பேசறேன்னு எழுதியிருக்காரே சார்!"

"அது வாரியத்தைப் பத்தி எழுதினது. உங்களைப் பத்தி இல்ல. உங்க பேச்சு நல்லா இருக்குன்னா அது எங்க உழைப்பு. நல்லா இல்லன்னா அது உங்க குறை. இதை நான் கோபமா சொல்லல, சட்டம் அப்படி." தலைவர் இன்னொரு தாளை எடுத்தார். "இன்னொரு நல்ல சேதி. அங்க ஒரு மாநாடாம். தன்னைக் காப்பாத்தின மாணவரை அனுப்பி வைக்கணும்னு டிக்கெட், தங்கறது எல்லாம் அவரே ஏற்பாடு பண்ணியிருக்காரு."

மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. பிரசவத்துக்கு இன்னும் மூன்றரை வாரம் இருந்தது. "என்னிக்கு சார் போகணும்?"

"நீங்க எப்படிப் போவீங்க? உங்ககிட்டதான் சான்றிதழ் இல்லியே. ஒட்டு அதிகாரியை அனுப்பறோம். வாரியத்து ஆளுங்களுக்குச் சான்றிதழ் தேவையில்ல, விலக்கு உண்டு. உங்களுக்கும் பெருமைதானே?"

மெக்கானிக் படியில் இறங்கித்தான் போனார். லிஃப்டைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மூன்றாம் மாடியில் உட்கார்ந்து, யாரும் வராததால் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு கம்பெனிக்குப் போய் விடுப்பை ரத்து செய்து எழுதிக் கொடுத்தார்.

மகளிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "சரிப்பா. அவரு போனைப் பக்கத்துலயே வெச்சிருப்பாரு. குழந்தை அழற முதல் சத்தத்தையாவது நீங்க கேக்கணும். நான் கூப்பிடச் சொல்றேன், எந்த வேலையா இருந்தாலும் எடுங்க" என்றாள்.

அந்த நாள் ஒரு புதன்கிழமை. நண்பகல். துணிக்கடை ஒன்றின் மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் அறையில் மெக்கானிக் காத்திருந்தார். பிரசவ அறைக்குக் கொண்டு போய்விட்டார்கள் என்று அரை மணி நேரத்துக்கு முன் செய்தி வந்திருந்தது. ஸ்பானரை எடுப்பதும் கீழே வைப்பதுமாக இருந்தார். போன் அடித்தது. அந்த நாட்டு எண், ஆனால் தெரியாத எண். ஆஸ்பத்திரி என்று பதறி எடுத்தார்.

"நான்தான், ஒட்டு அதிகாரி" என்றது குரல். "விமான நிலையத்துல மாட்டிக்கிட்டேன். இங்க ஒருத்தன் என் பாஸ்போர்ட்டை வாங்கி வெச்சுக்கிட்டுத் தர மாட்டேங்கறான். அதை எனக்குக் கொடுன்னு எப்படிச் சொல்றது?"

"தாமெலோ" என்றார் மெக்கானிக். "ஒரே மூச்சுல சொல்லுங்க. வைக்கறேன் சார், எனக்கு ஒரு முக்கியமான—"

"இருங்க இருங்க. அது ஒட்டுச் சொல் ஆச்சே! நான் எப்படி அதைச் சொல்லலாம்?"

"நீங்கதானே சார் ஒட்டு அதிகாரி?"

"அதிகாரிதான். ஆனா முதல் நிலையே நான் எழுதினதில்ல. விலக்கு. வெளிநாட்டுல வெச்சு நானே விதியை மீறினா நாளைக்கு யாரு மதிப்பாங்க? பிரிச்சுச் சொல்ற மாதிரி ஏதாவது சொல்லுங்க."

காதுக்குள் டொக் டொக் என்று இன்னொரு அழைப்பு வரும் சத்தம். போனை எடுத்துப் பார்த்தார். மருமகன்.

"சார், வைங்க சார்! என் பொண்ணு—"

"ஒரு நிமிஷம். அவன்கிட்ட போனைக் குடுக்கறேன், நீங்களே பேசிடுங்க. உங்களுக்குத்தான் ஏற்கனவே ஃபெயில் ஆயிடுச்சே, உங்களுக்கு நஷ்டம் ஒண்ணும் இல்லியே!"

மெக்கானிக்கின் எண்ணெய்க் கை திரைமேல் வழுக்கியது. எதை அழுத்தினாலும் அதிகாரியின் குரலே வந்தது. டொக் டொக் நின்றுவிட்டது. மறுபடி வந்தது, மறுபடி நின்றது. சட்டையில் கையைத் துடைத்து அழுத்தியதில் கடைசியில் இரண்டு அழைப்புமே அறுந்தன.

திரும்ப அழைத்தபோது மருமகன் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார். "மாமா, மாமா" என்று நாலு முறை சொன்ன பிறகுதான் சேதியைச் சொன்னார். பெண் குழந்தை. பிறந்து ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. கட்டிடமே அதிரும்படி அழுதாளாம். இப்போது தூங்கிவிட்டாள்.